தணற்சட்டியும் மின்கணப்பும்

மலர்க்குழுவினர் ஏதேனும் எழுதியனுப்புமாறு பணித்தபோது, கல்லூரியிற் கற்றவற்றுள் பிற்காலத்தில் எமக்கு மெய்யாகவே கைகொடுத்தது எது என எண்ணிப் பார்த்தோம். மனனஞ் செய்த செய்யுட்களிற் பாதி மறந்துபோயின. திரிகோணகணிதம் முற்றாகவே போய்விட்டது. அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்கின் வலு வரும் என்ற பௌதிக வாய்பாடு ஒன்று மாத்திரம் எஞ்சியிருக்கின்றது. அதனை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய காலத்தில் நெடுந்தீவில் எம் வீட்டில் மின்விளக்கு இல்லை. அரிக்கன் லாம்பே உண்டு. பரீட்சைக்கென்று படித்தோம். அது வேண்டப்பட்ட நாளோ, பல்லாண்டு கழித்துக் கனடா நாட்டுக் காடொன்றிலே வந்தது.

2022 ஆம் ஆண்டு ஆவணியில் எம் அன்னையார் ஊரிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்திருந்தார். எண்பதை அணுகிய வயது. இளமை தொட்டே தொய்வு நோய். இலையுதிர்காலத்து மேப்பிள் மரங்கள் செந்தீப் பற்றியெரிவன போல் நிற்பதை அவருக்குக் காட்டவேண்டும் என்பது எம் பேரவா. 1893 இல் அமைக்கப்பட்ட அல்கொன்குயின் பூங்கா அதற்குப் பேர்பெற்ற இடம். மைத்துனரிடம் காரின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லும் வண்டிவீடு ஒன்றிருந்தது, ட்ரெயிலர் என்பர். கட்டில், அடுப்பு, மலகூடம் யாவும் அதனுள்ளே உண்டு. ஐவர் புறப்பட்டோம்.

நெடுந்தீவாருக்குக் குளிர் என்பது மார்கழி வாடைதான். கல்வேலிகளுக்கிடையே அக்காற்று நுழைந்து வரும்போது போர்வையை இழுத்து மூடுவோம். ஆயினும் அப்பொழுதும் வெப்பம் 20 பாகையைச் சுற்றியே நிற்கும். புரட்டாதி முடிவில் அக்காட்டில் இரவு 3 பாகை.

ட்ரெயிலரில் புரொப்பேன் வாயுவால் எரியும் உலையொன்று உண்டு. வாயு நிறைய இருந்தது. ஆனால் சூட்டை உள்ளே தள்ளும் விசிறி 12 வோல்ற்று பற்றரியால் இயங்குவது என்பதை நாம் நினைத்தோமில்லை. நாம் பிடித்திருந்த இடத்தில் மின்னிணைப்பும் இல்லை, பற்றரியோ பழையது. நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில் விசிறி ஓய்ந்தது, உலையும் அணைந்தது. அன்னையாரின் மூச்சு இழுக்கும் ஒலி கேட்டே விழித்தோம்.

“மோனை, ஒரு சட்டியிலை கொஞ்சம் தணல் போட்டு வைச்சால் என்ன?” என்றார் அவர்.

வெளியே இரவுணவு சமைத்த நெருப்பிற் செந்தணல் இன்னும் கிடந்தது. நாம் பிறந்தபோதும், எமக்குப் பின் எம் தங்கை பிறந்தபோதும், சிரட்டைத் தணற் சட்டியருகிற் குழந்தையைக் கிடத்திக் காத்த கை அவருடையது. அவர் கேட்டதிற் பிழையில்லை. ஆனால் ஊர்வீடு ஓலைக் கூரை வீடு. காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் நூறு வழி உண்டு. இஃதோ தகரமும் இறப்பரும் கொண்டு இறுக மூடிய பெட்டி. தணலிலிருந்து எழும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்துடன் அது சேர்ந்துகொள்ளும். உறங்குபவர் உறங்கியபடியே போவர். குளிர்நாடுகளுக்குப் புதிதாய் வந்தோர் கரியடுப்பை அறைக்குள் வைத்து மாண்ட செய்திகள் புதியனவல்ல. சமையலடுப்பைக் கொளுத்திவிடலாம் என்று மைத்துனர் எழுந்தார். கையைப் பிடித்து இருத்தினோம்.

அன்னையாரைக் காரில் ஏற்றி, இயந்திரத்தை இயக்குவதும் நிறுத்துவதுமாக விடியும்வரை இருந்தோம். மருந்துக் குழாயை இரு தடவை இழுத்தார். ஒன்றும் நேரவில்லை, ஆயினும் தாயை அழைத்துவந்து இந்நிலைக்கு ஆளாக்கினோமே என்ற நாணம் எம்மை விட்டு இலகுவில் அகலவில்லை. திரும்பி வரும் வழியில் எவரும் அதிகம் பேசவில்லை.

அடுத்த வாரமும் போகவேண்டும் என்றவர் அன்னையாரே. “மரத்தை வடிவாய்ப் பாக்கேல்லை” என்றார். இம்முறை மின்னிணைப்புள்ள இடத்தைப் பதிவு செய்தோம். வாயுவுலைக்குத் துணையாக மின்கணப்பு ஒன்று, ஊர்வழக்கிற் சொல்வதாயின் ஹீற்றர், வாங்கப் புறப்பட்டோம்.

கடைக்காரர் விலைகூடிய ஒன்றைக் காட்டி, இதுவே மிகுதியாகச் சூடு தரும் என்றார். இங்கேதான் பழைய வாய்பாடு எழுந்து நின்றது. அங்கிருந்தவற்றுட் பெரும்பாலன 1500 வாற்று. மலிந்ததாயினும் விலையுயர்ந்ததாயினும் 1500 வாற்று தரும் சூடு ஒன்றே. வேறுபாடு அச்சூட்டை எவ்வாறு பரப்புகின்றது என்பதில் மாத்திரமே உண்டு. விசிறி வைத்த சிறுபெட்டி சில நிமிடங்களில் இடத்தைச் சூடாக்கும். ஆனால் இரைச்சலும் தூசியும் தொய்வுக்காரருக்கு ஆகா. செந்நிறமாய்க் கனலும் கதிர்க்கணப்பு எதிரே இருப்பவரை மட்டும் சுடும். சேலைத் தலைப்பும் போர்வையும் கிடக்கும் குறுகிய இடத்தில் அதனை நினைக்கவே அஞ்சினோம். எண்ணெய் அடைத்த வார்ப்பு ஒன்றிருந்தது. சூடேற அரைமணி நேரமாகும்; பாரமும் அதிகம். எனினும் ஓசையில்லை, செங்கனல் இல்லை. நிறுத்திய பின்னும் சிறிதுநேரம் சூடு தங்கும். சரிந்து விழின் தானாகவே அணையும். 600, 900, 1500 என மூன்று நிலைகள். அதனையே கொண்டோம்.

கனடாவில் அழுத்தம் 120 வோல்ற்று. 1500 ஐ அதனாற் பிரித்தால் 12½ அம்பியர் வரும். 15 அம்பியர் இணைப்பாயின் எஞ்சுவது இரண்டரையே. அன்றியும் நெடுநேரம் ஓடும் பாரத்தை இணைப்பின் ஐந்தில் நான்கு பங்குக்குள், அதாவது 12 அம்பியருக்குள், வைத்தல் முறை. எனவே இரவு முழுவதும் 900 இல் விடுவதெனத் தீர்மானித்தோம். நாம் பெற்ற இணைப்பு 30 அம்பியர்தான். ஆயினும் ட்ரெயிலருக்குள் ஒவ்வொரு வயரும் 15 க்கே அமைந்தது. மெல்லிய நீட்டு வயரிற் கணப்பைக் கொளுவலாகாது. பிளக்கைத் தொட்டுப் பார்த்துச் சுடுகின்றதா என அறிதலும் வேண்டும். இலண்டனில் உள்ள பழைய மாணவர்க்கு ஒரு சொல்: அங்கே அழுத்தம் 230 ஆதலால் 16 அம்பியரில் 3680 வாற்று கிடைக்கும். ஐரோப்பாவிற் சில இடங்களில் 6 அம்பியர் மட்டுமே தருவர்; அங்கு 1500 வாற்றுக் கணப்புக்கு இடமில்லை.

மின்கணப்பு வாயுவுலைக்கு ஈடாகுமோ எனின், ஆகாது. உலையின் வலு ஏறக்குறைய நான்கு மடங்கு. மேலும் எம் மைத்துனரின் வண்டியில் உலையின் சூட்டுக்காற்றே அடித்தட்டின் நீர்க்குழாய்களையும் காக்கின்றது. உள்ளே மின்கணப்பினாற் சூடாயிருப்பின் உலை இயங்காது. உறைபனி இரவிற் கீழே குழாய் வெடித்தாலும் படுத்திருப்போர் அறியார். ஆதலின் உலையையும் இடையிடையே இயங்கவிட வேண்டும்.

இரண்டாம் பயணத்தில் யாவும் ஒழுங்காயின. அன்னையார் கணப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எண்ணெய் ஊற்றும் வாய் எங்கே என்று வினவினார். அடைத்தே விற்பர், ஊற்றத் தேவையில்லை என்றோம். நம்பியதாகத் தோன்றவில்லை.

விடியற்காலையிற் குளிர் மிகுந்ததால் கணப்பை 1500 க்கு உயர்த்தினோம். மைத்துனரோ தேநீருக்கென மின்கேத்தலை அதே வயரிற் கொளுவிவிட்டார். ‘டக்’ என்றோர் ஓசை, கணப்பு அணைந்தது. ட்ரிப்சுவிட்சைத் தேடி யாவரும் தடவிக்கொண்டிருக்கையில், அன்னையார் கட்டிலிலிருந்தபடியே, “ஊரிலை மிசினிலை பாரம் கூடினமாதிரித்தான்” என்றார்.

அவர் அறியாததா? நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் பெருநிலத்து மின்கம்பியோடு சேராதவை. டீசல் இயந்திரத்தில் வாழ்ந்தவை. அவ்வாண்டு டீசலின்றி இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. அதே 2022 பங்குனியில், இம்மூன்று தீவுகளிலும் வெயிலும் காற்றும் பற்றரியும் டீசலும் சேர்ந்த மின்னிலையங்களை அமைக்க இந்தியாவோடு உடன்படிக்கை செய்யப்பட்டது. எவ்வளவு உண்டோ அதற்குள் அளந்து செலவிடும் பழக்கம் தீவாருக்கு இயல்பு. வாய்பாடு படித்த நாமே கேத்தலை மறந்தோம்.

கேத்தலைக் கழற்றிச் சுவிட்சை நிமிர்த்தினோம். தேநீரை வாயுவடுப்பில், மேற்சாளரத்தைத் திறந்துவைத்துக் கொதிக்கவைத்தோம். அன்று வெயில் ஏறியதும் அன்னையார் கம்பளிச்சால்வையோடு ஏரிக்கரையில் அமர்ந்து நண்பகல் வரை மரங்களைப் பார்த்திருந்தார். ஒரு சிவந்த இலையைப் பொறுக்கித் தேவாரப் புத்தகத்துள் வைத்துக்கொண்டார்.

தைப்பொங்கலுக்கு முன் ஊர் திரும்பினார். இப்போதும் ஒவ்வோர் ஐப்பசியிலும் தொலைபேசியிற் குசலம் விசாரித்த பின் தவறாமற் கேட்பார்: “மோனை, அந்தச் சட்டிக்கு எண்ணெய் விட்டனியோ?”

விட்டோம் என்றே சொல்லி வருகின்றோம்.