சிவப்பு எண்ணெய்

ரொறொன்ரோவில் மருமகனின் பாய்ப்படகுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சென்ற கோடையில் அதனுள் இறங்கியபோது, அடித்தளத்தில் சிவப்பாக எண்ணெய் தேங்கிக் கிடந்தது. கறுப்பாயின் எஞ்சின் ஒயில். சிவப்பு என்றபடியால் கியர்ப்பெட்டிதான். கார்களின் தானியங்கிக் கியருக்கு ஊற்றும் அதே எண்ணெயே இதற்கும்.

புதிதாக மாற்றிவிடுமாறு பழுதுபார்ப்பவர் கூறியிருந்தார். கூலியையும் சேர்த்தால் படகை வாங்கிய விலையைவிட அதிகம். அதைவிடப் படகையே விற்றுவிடலாம் என்பது வீட்டிலிருந்தவர்களின் கட்சி.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டரை அடைந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். "பாய் இருக்க எஞ்சின் எதற்கு?" என்று கேட்டுவைத்தேன்.

"மாமா, எதிர்க்காத்தில இந்த நெருக்கமான துறைக்குள்ள பாயோட வந்து பாருங்கோ!" என்றான். வாயை மூடிக்கொண்டேன்.

ஆயினும் விசாரியாமல் தீர்ப்பெழுதுவது என் தொழிலுக்கு ஒவ்வாதது. பெட்டியை நன்கு துடைத்து, கீழே வெள்ளைக் கடதாசி விரித்து, எஞ்சினை ஓடவிட்டோம். சொட்டு விழுந்தது பின்புறம், சுழல்தண்டு வெளியேறும் இடத்தில் மட்டுமே. அளவுகோலில் ஒட்டிய எண்ணெயில் கருகல் மணமில்லை. நீர் கலந்த பால்நிறமுமில்லை. முன்னோக்கியும் பின்னோக்கியும் கியர் தயங்காமல் பிடித்தது. வழுக்கியிருந்தால் நானும் பழுதுபார்ப்பவர் பக்கமே நின்றிருப்பேன்.

தேய்ந்தது ஒரு ரப்பர் வளையம். அதன் விலை அற்பம். தண்டைக் கழற்றிப் பின்தள்ளி, மீண்டும் நேர்கோட்டில் பொருத்துவதுதான் பெரும்பாடு. அதை நாங்களே செய்வதென முடிவாயிற்று. மறுநாட் காலை வளையத்தை வாங்க இருவரும் புறப்பட்டோம்.