கடலைக் குத்தம் சொன்ன கதை

மூணு வாரம் சிங்கப்பூர்ல மகன் வீட்ல இருந்துட்டு வந்து, பெட்டியக்கூட இன்னும் முழுசா பிரிக்கல. அதுக்குள்ள ரெண்டு பேரு கேட்டுட்டாங்க, "என்னண்ணே, எழுதலயா?"ன்னு. பெரிய பெரிய கட்டடம், கண்ணாடிப் பாலம், ராத்திரி வெளிச்சம் எல்லாம் நீங்க எனக்கு முன்னாடியே பார்த்திருப்பீங்க. நான் எழுதப்போறது ஒரு சின்னக் கடற்கரையப் பத்தி. அங்க போன ஒரு ஞாயித்துக்கிழமை, இங்க என் வயல்ல ஒரு வேலைய ஆரம்பிச்சு வச்சிருச்சு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எனக்குக் கடல் பிடிக்காது. எங்க ஊர் முத்துப்பேட்டைப் பக்கம், காவிரியோட கடைமடை. கடல் எட்டு கிலோமீட்டர்தான். ஆனா எங்களுக்குக் கடல்ன்னா குளிச்சு விளையாடற இடம் இல்ல. கிணத்துல உப்பு ஏறினா கடல். வெயில்காலத்துல வயல்ல வெள்ளையா உவர் பூத்தா கடல். 2004 டிசம்பர்ல கடலைப் பார்த்தோம். 2018 நவம்பர் 15 ராத்திரி கஜாப் புயலப் பார்த்தோம். விடியறதுக்குள்ள என் தோப்புல 84 தென்னையில 11 தான் நின்னுச்சு. அப்பா வச்ச மரங்க. அதுக்கப்புறம் கடல் பக்கம் போற ஆசையே எனக்கு வந்ததில்ல.

அதனாலதான், "ஞாயித்துக்கிழமை பீச்சுக்குப் போலாம்பா"ன்னு மகன் சொன்னப்ப, "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்ல இருக்கேன்"னேன். பேத்தி விடல. "தாத்தா வந்தாத்தான் நானும் வருவேன்"னு உக்காந்துட்டா. அஞ்சு வயசு. மூணாவது சொல்லு இங்கிலீஷா இருக்கும், ஆனா பிடிவாதம் சுத்தமா எங்க அம்மாவோட பிடிவாதம்.

பாசிர் ரிஸ்னு ஊர் பேரு. மலாய்ல பாசிர்ன்னா மணல். பச்சைக் கோடு ரயில்ல ஏறினா அதுதான் கடைசி ஸ்டேஷன். கடைசி ஸ்டேஷன்னு மகன் சொன்னதும், "அட, இதுவும் கடைமடைதானா"ன்னு சிரிச்சுக்கிட்டேன். ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடலாம். 70 ஹெக்டேர் பூங்கா, அதை ஒட்டிக் கடல்.

போய் நின்னா, இது கடலான்னே சந்தேகம் வந்துருச்சு. அலை இல்ல. எங்க ஊர் ஏரியில காத்தடிச்சா வர்ற அளவுக்குத்தான் தண்ணி அசையுது. எதிர்ல உபின் தீவு பச்சையா படுத்திருக்கு, அதுக்கு அந்தப் பக்கம் மலேசியா. தீவு குறுக்க நிக்கறதால பெரிய அலை உள்ள வர வழியில்ல. நாங்க போனப்ப தண்ணி வடிஞ்சிருந்துச்சு. ரொம்ப தூரம் நடந்தும் முழங்காலுக்கு மேல ஏறல. புள்ளைங்க வாளியும் கரண்டியுமா மணல்ல உக்காந்திருக்கு. மர நிழல்ல கூடாரம் போட்டு ஒரு குடும்பம் தூங்குது. இன்னொரு பக்கம் அடுப்பு மூட்டி மீன் சுடறாங்க.

என் வீட்டுக்காரம்மா சேலையக் கொஞ்சம் தூக்கிச் சொருகிக்கிட்டு, பேத்தி கையப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணிக்குள்ள இறங்கிட்டாங்க. கல்யாணமாகி 34 வருஷம். எட்டு கிலோமீட்டர்ல கடல வச்சுக்கிட்டு, அவங்க கடல்ல கால் நனைச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான். "ஏங்க, இங்க வாங்க, வெதுவெதுன்னு இருக்கு"ன்னு கூப்பிட்டாங்க. போனேன். கொஞ்ச நேரம் யாரும் ஒண்ணும் பேசல.

கரையேறி உக்காந்தப்பதான் மகன் மெதுவா ஆரம்பிச்சான்.

"அப்பா, அந்தக் கீழ்வயல் மூணு மாவைக் கேட்டாங்கன்னு சொன்னீங்களே. என்ன முடிவு பண்ணீங்க?"

ஊர்ல மூணு மாசமா ஓடற பேச்சு அது. எனக்கு மொத்தம் ஒன்பது மா, அதாவது மூணு ஏக்கர். அதுல ஓடை ஓரமா இருக்கற மூணு மா நாலஞ்சு வருஷமா சரியா விளையல. நட்டா பயிர் நுனி கருகுது, திட்டுத் திட்டா சாகுது. இறால் பண்ணை போடறதுக்கு ஒருத்தர் நல்ல விலைக்குக் கேட்டாரு. மகன் சொல்றது தப்பில்ல. "விளையாத நிலத்துல வருஷா வருஷம் காசு கொட்டறீங்க. உங்களுக்கும் வயசாகுது. குடுத்துட்டு மிச்சத்தை நிம்மதியா பாருங்க."

குடுத்தா நிம்மதி எனக்கு. பக்கத்து வயல்காரருக்கு? இறால் குட்டையில உப்புத்தண்ணி நின்னா அது கசிஞ்சு அவர் வயலுக்குத்தான் போகும். அதையும் சொன்னேன். "எல்லாம் கடலோட வேலைப்பா, உப்பு ஏறிருச்சு, நாம என்ன பண்ண முடியும்"னேன். அவன் பதில் சொல்லல. பேத்தி வந்து கையப் பிடிச்சு இழுத்தா. "தாத்தா, மர ரோட்டுல போலாம்."

மர ரோடுன்னு அவ சொன்னது அலையாத்திக் காட்டுக்குள்ள போட்டிருக்கற மர நடைபாதையை. பூங்காவுக்குள்ளேயே ஆறு ஹெக்டேர் அலையாத்திக் காடு. கடலைத் தூர்த்து நிலம் சேர்த்தப்பவும், கடல் தண்ணி வந்து போக வழி விட்டு இந்தக் காட்டைக் காப்பாத்தி வச்சிருக்காங்க. சேத்துக்கு மேல, தரையத் தொடாம, வளைஞ்சு வளைஞ்சு போகுது பாதை. குழந்தை வண்டியத் தள்ளிக்கிட்டுப் போறாங்க. பறவை பார்க்க மூணடுக்குக் கோபுரம் ஒண்ணு.

உள்ள நாலு எட்டு வச்சதும் வாசனை வந்துச்சு பாருங்க, நான் நின்னுட்டேன். கோரையாத்து முகத்துவாரத்துச் சேத்து வாசனை. அதே மரம். எங்க பக்கம் அலையாத்தின்னும் கண்டல்ன்னும் சொல்ற அதே சாதி. அடியில பென்சிலக் குத்தி வச்ச மாதிரி ஆயிரக்கணக்குல மூச்சு வேர். சேத்துல காத்து இல்லாததால மூச்சு விட வேரை மேல நீட்டுது. அந்த வேருக்கு நடுவுல உளுவை மீன் துள்ளுது. புத்து மாதிரி மண்மேடு இருக்கேன்னு பார்த்தா, அது கரையான் புத்து இல்ல, சேத்துக்குள்ள வாழற ஒரு இறால் வகை தோண்டித் தள்ளின மண்ணாம்.

இலையோட மேல விரலால தடவி நாக்குல வச்சேன். உப்பு. மகன் பதறிட்டான். "அப்பா, பறிச்சா அபராதம்!" "பறிக்கலடா, தடவித்தான் பார்த்தேன்." இந்த மரம் வேர் வழியா ஏறின உப்பை இலை வழியா வெளிய தள்ளிடும். சில வகை மரம் வேர்லயே உப்பை வடிகட்டிடும். இன்னும் சிலதுல விதை கீழ விழுறதுக்கு முன்னாடி தாய்மரத்துலயே முளை விட்டுத் தொங்குது. நாத்தங்கால் மரத்து மேலயே இருக்கு.

பேத்தி கேட்டா, "தாத்தா, உங்க வீட்டுக்கிட்ட இது இருக்கா?"

"இருக்குடா. இதைவிடப் பெருசு. நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருசு."

"நீங்க அதுல நடந்திருக்கீங்களா?"

நான் நடந்ததில்ல. அப்பா காலத்துல அங்க விறகுக்குப் போவாங்க. நான் படகுல ஒரு தடவ, கல்யாணத்துக்கு முன்னாடி போனதோட சரி. எட்டு கிலோமீட்டர். வெக்கமா இருந்துச்சு. சமாளிக்கறதுக்காக, எனக்குத் தெரிஞ்ச முத்துப்பேட்டைக் காட்டுக் கதைய அவளுக்குச் சொல்ல ஆரம்பிச்சேன்.

வெள்ளைக்காரன் காலத்துலேருந்து அந்தக் காட்டைக் கூப்பு போட்டு மொத்தமா வெட்டிக்கிட்டு இருந்தாங்க. வெட்டின இடத்துல வெயில் பட்டு மண்ணு காய்ஞ்சு, தரை உள்வாங்கிப் பள்ளமாச்சு. பள்ளத்துல ஏறின கடல் தண்ணி திரும்பிப் போக முடியாமத் தேங்கிச்சு. தேங்கின தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் தங்கிச்சு. உப்புலயே வாழற மரம்கூட அங்க முளைக்கல. 1990கள்ல வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்க்காரங்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினாங்க. நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா சின்ன வாய்க்கால்கள். மேல இருந்து பார்த்தா மீன் முள்ளு மாதிரி இருக்கும். தண்ணி ஏறி இறங்க வழி கிடைச்சுது. உப்பு கழுவிக்கிட்டுப் போச்சு. கன்னு நட்டாங்க, மரம் வந்துருச்சு.

இதைச் சொல்லி முடிக்கும்போதே எனக்குள்ள ஒண்ணு உறுத்த ஆரம்பிச்சிருச்சு. கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். கீழ ஓடையில தண்ணி ஏற ஆரம்பிச்சிருந்துச்சு. சத்தமே இல்லாம வேரை எல்லாம் மூடிக்கிட்டு வருது. ஏறி முடிஞ்சதும் அதே வழியில திரும்பிப் போயிடும்.

அந்த மரத்தைக் கொன்னது கடல் இல்ல. தண்ணி வடிய வழி இல்லாமப் போனதுதான்.

என் கீழ்வயலுக்கு ஒரு வடிகால் இருந்துச்சு. அப்பா வெட்டினது. கஜாவுல விழுந்த 73 தென்னையில வித்தது போக மிச்ச அடிமரம், மட்டை, வேர்க்கட்டை எல்லாத்தையும் எங்க போடறதுன்னு தெரியாம, அந்த வடிகால்லதான் தள்ளினேன். "அப்புறம் அள்ளிக்கலாம்"னு. யாரும் சொல்லி இல்ல, நானேதான். அதுமேல மண்ணு மூடி, கருவை முளைச்சு, வடிகால் இருந்த இடமே மறந்துபோச்சு. கீழ்வயல் விளையாமப் போனது அதுக்கு அடுத்தடுத்த வருஷத்துல. அஞ்சாறு வருஷமா கடலத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

மகன்கிட்ட சொன்னேன். அவன் கணக்குப் பாக்கறவன். "வடிகால் வெட்டிட்டா உப்பு போயிடுமா?" "ஒரே வருஷத்துல போகாது. ஆத்துத் தண்ணி வரும்போது நிறையக் கட்டி, வடிய விட்டு, திரும்பக் கட்டி வடிய விடணும். தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழணும். உப்பு தாங்கற நெல்லுல ஆரம்பிக்கணும். ரெண்டு மூணு வருஷம் ஆகும்." "ஆகலன்னா?" "ஆகலன்னா நீ சொல்றதைக் கேக்கறேன்." கொஞ்ச நேரம் தண்ணியப் பார்த்துக்கிட்டு நின்னான். "சரிப்பா. பொக்லைன் வாடகைய நான் அனுப்பறேன்"னான்.

திரும்பி நடந்து வரும்போது, மரத்தடியில நாலஞ்சு தம்பிங்க உக்காந்து பொட்டலம் பிரிச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. கட்டட வேலை பாக்கறவங்க. நாங்க பேசறதக் கேட்டு ஒருத்தர் எழுந்து வந்தாரு. "எந்த ஊருண்ணே?" சொன்னேன். முகம் மலர்ந்து போச்சு. அவருக்குப் பட்டுக்கோட்டைப் பக்கமாம். ஊர் வெயில் எப்படி, திருவிழா எப்ப, எதுவும் கேக்கல. முதல்ல கேட்டது, "அண்ணே, மேட்டூர் தொறந்தாச்சே, தண்ணி கடைமடைக்கு வந்துருச்சா?" வீட்ல வயல் யாரு பாக்கறான்னு கேட்டேன். அம்மா தனியாப் பாக்கறாங்களாம். கைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். என்ன சொல்றதுன்னு தெரியல.

ஊருக்கு வந்த நாலாம் நாள் பொக்லைன் வந்துச்சு. நாலு மணி நேர வேலை. பாதி மக்கி, பாதி மக்காம, அப்பா வச்ச தென்னைங்க ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு. கரையில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். சாயங்காலம் கீழ்வயல்ல தேங்கிக் கிடந்த தண்ணி, சிவப்பா கலங்கி, மெல்ல ஓடைய நோக்கி நகர ஆரம்பிச்சுது. விளையுமான்னு இப்பவே சொல்ல மாட்டேன். இறால் பண்ணைக்காரர்கிட்ட மட்டும், இப்போதைக்குக் குடுக்கறதா இல்லைன்னு சொல்லிட்டேன்.

டிசம்பர் லீவுக்குப் பேத்தி வர்றா. ஜாம்புவானோடையில படகு ஏறி அலையாத்திக் காட்டுக்குப் போறதா அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். கஜாவுல அந்தக் காடும் நிறைய அடிவாங்குச்சு. அங்க பாசிர் ரிஸ் மாதிரி வழவழன்னு பாதை எதிர்பார்க்க முடியாது. அப்பாயியும் வர்றேன்னு சொல்லிட்டாங்க. சேலையச் சொருகிக்கிட்டு இறங்கறதுக்கு இந்தத் தடவ நான் கூப்பிடுவேன்.

வடிகால் வெட்டின மண்ணைக் கரையில போட்டு வச்சிருக்கேன். நாளைக்கு வரப்பு கட்டணும். மிச்சத்தை அறுவடைக்கு அப்புறம் சொல்றேன்.