17-க்கும் 20-க்கும் நடுவில் கிடந்த நெல்

2022-ல் மேட்டூர் அணையை மே 24-ம் தேதியே திறந்துவிட்டார்கள். திருவாரூர் மாவட்டக் கடைமடையில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் அந்த விவசாயிக்கு ரொம்பச் சந்தோஷம். தீபாவளிக்குள் குறுவை நெல் காசாகிவிடும் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார்.

அறுவடை மெஷின் வயலை விட்டு ஏறிய அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடினார். முறை வந்தபோது ஈரப்பதம் பார்க்கும் மெஷின் 20 காட்டியது. வரம்பு 17 சதவிகிதம்.

"காய வெச்சு எடுத்துட்டு வாங்கண்ணே" என்றார் பட்டியல் எழுத்தர்.

"ஐப்பசியில வெயிலுக்கு எங்க தம்பி போறது?"

அந்தத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. ஈர நெல்லை அடுக்கினால் உள்ளே சூடேறி, பூசணம் பிடித்து, அரிசி பழுப்பாகும். 20 சதவிகித ஈரத்தில் வாங்கிய 1,000 கிலோ, 17-க்குக் காய்ந்தால் 964 கிலோதான் நிற்கும். குறைகிற 36 கிலோவுக்கு வாங்கியவரிடம்தான் கணக்குக் கேட்பார்கள். விதி சரியான விதிதான். ஆனால், மழை மாதத்தில் காய வைக்கக் களம் எங்கே, உலர்த்தும் மெஷின் எங்கே என்று அதில் எழுதவில்லை. ஊருக்கு இருக்கிற ஒரே களம் தார்ரோடு. அதில் பரப்பினால் பஸ்காரர் திட்டுவார்.

வரம்பைத் தளர்த்தும் அதிகாரம் நிலையத்திலும் இல்லை, கலெக்டர் ஆபீஸிலும் இல்லை. மாநில அரசு 22 சதவிகிதம் கேட்டு டெல்லிக்கு எழுதியது. அங்கிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போனது. ஐப்பசியில் மழை பெய்யும் என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்ல வருஷா வருஷம் ஒரு கடிதமா?

மனைவியும் மகளும் தினமும் தார்ப்பாயை விலக்கிக் குவியலைக் கிளறிவிட்டார்கள். எட்டாம் நாள் அடியில் கையை விட்டபோது சுட்டது. வெள்ளை வெள்ளையாக முளை.

தீபாவளி முடிந்த பிறகு, 19 சதவிகிதம் வரை வாங்கலாம் என்று உத்தரவு வந்தது. இடையில் இரண்டு நாள் அடித்த வெயிலில் அவருடைய நெல் 18-க்கு இறங்கியிருந்தது. ஈரத்தில் தேறியாகிவிட்டது. ஆனால், முளைத்த நெல்லுக்கு வேறொரு வரம்பு இருக்கிறது.

அடியில் கிடந்த ஒன்பது மூட்டையை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை எடை போட்டார்கள். ஒதுக்கியதை ஒரு வியாபாரி கோழித் தீவனத்துக்குக் கேட்டார். பட்டியல் எழுத்தர் எழுந்து வந்து, மூட்டைகளை வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்தார்.