கணினிக்குள் ஒரு புவி

நுழையும்முன்

வானம் பார்த்து உழுத மக்கள், மழையின் வரவை முகிலாலும் காற்றாலும் அறிந்தனர். அவ்வறிவைக் கணிதமாக்கிக் கணினியிடம் ஒப்படைத்துள்ளது இன்றைய அறிவியல். ஆயினும் விடை காணப்படாத வினாக்கள் இன்னும் பல உள்ளன. அவற்றைத் தேடிச் செல்லும் முனைவர் பட்ட ஆய்வின் இயல்பையும் அதற்கான வாயில்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வானிலையும் காலநிலையும்

நாளை மழை பெய்யுமா என்பது வானிலை குறித்த வினா. முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஐப்பசி மழை எவ்வாறு இருக்கும் என்பது காலநிலை குறித்த வினா. பின்னதற்கு விடை காண்பது எளிதன்று. ஒரு மருந்தைப் பலமுறை சோதித்துப் பார்க்க ஆய்வகம் உண்டு, புவியோ ஒன்றே. காற்றில் கரியமில வாயுவை இருமடங்காக்கி என்ன நிகழ்கிறது எனச் சோதித்துப் பார்த்தல் இயலாது. ஆகவே, அறிவியலாளர்கள் கணினிக்குள் மற்றொரு புவியைப் படைக்கின்றனர். அதுவே காலநிலை மாதிரி எனப்படுகிறது.

கட்டங்களாகும் புவி

மீன்வலையை விரித்தாற்போலப் புவிப்பரப்பு கட்டங்களாகப் பகுக்கப்படுகிறது. வளிமண்டலம் மேல்நோக்கியும் பெருங்கடல் கீழ்நோக்கியும் அடுக்குகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டத்திற்கும் வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகியன எண்களாகத் தரப்படுகின்றன. நியூட்டனின் இயக்க விதிகளும் வெப்ப இயக்கவியல் விதிகளும் அவ்வெண்களைச் சிறுசிறு கால இடைவெளிகளில் முன்னகர்த்துகின்றன. மேனிலை வகுப்பின் இயற்பியல் நூலில் இடம்பெறும் விதிகளே நூறாண்டுக் காலநிலையைக் கணிக்கும் கருவிகளாகவும் விளங்குகின்றன.

இம்முறையை முதலில் முயன்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். முதல் உலகப்போரின்போது பிரான்சில் காயமுற்றோர்க்கான ஊர்திப் பணியில் இருந்த அவர், ஆறு மணி நேர வானிலை மாற்றத்தைக் கைக்கணக்காகவே கணித்தார். விடை பெரிதும் பிழையாயிற்று. ஆயினும் அதை மறைக்காமல் 1922இல் நூலாகவே வெளியிட்டார். சமன்பாடுகளில் குறையில்லை, தொடக்கத் தரவுகள் சீர்செய்யப்படாமையே பிழைக்குக் காரணம் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. வெளியிடப்பட்ட அப்பிழை, பின்வந்தோர்க்கு வழிகாட்டியது.

ஒரு தூண் காற்று

ஜப்பானில் 1931இல் பிறந்த சுகுரோ மனாபே, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றபின் 1958இல் அமெரிக்கா சென்றார். அக்காலக் கணினிகளின் ஆற்றல் மிகச் சிறிது. முழுப் புவியையும் அவற்றுள் அடக்குதல் அரிது. எனவே மனாபே, தரையிலிருந்து மேலெழும் ஒரே ஒரு காற்றுத் தூணை மட்டும் எடுத்துக்கொண்டார். அதற்கே நூற்றுக்கணக்கான மணி நேரக் கணிப்பு வேண்டியிருந்தது.

ரிச்சர்ட் வெதரால்டுடன் இணைந்து 1967இல் அவர் வெளியிட்ட முடிவு வியப்பூட்டியது. கரியமில வாயு இருமடங்கானால் புவியின் வெப்பநிலை இரண்டு செல்சியசுக்குச் சற்று மிகுதியாக உயரும். அதேவேளையில் உயரத்தே உள்ள மீள் அடுக்கு குளிரும் என்று அவர்களின் மாதிரி காட்டியது. வெப்பமாதலுக்குக் கதிரவனே காரணம் எனில் இரண்டு அடுக்குகளும் வெம்மையுற வேண்டும். கீழே வெம்மையும் மேலே குளிர்ச்சியும் எனப் பின்னாளைய அளவீடுகள் காட்டியபோது, காரணம் எது என்பது உறுதியாயிற்று. இத்துறைப் பணிக்காக மனாபே, தம் தொண்ணூறாம் அகவையில், 2021ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காத்திருக்கும் வினாக்கள்

உலகளாவிய மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். சென்னைக் கடற்கரையும் காஞ்சிபுரத்து வயலும் ஒரே கட்டத்துள் அடங்கிவிடக்கூடும். மழைமுகிலோ சில கிலோமீட்டர் அகலமே உடையது. வலைக்கண்ணில் சிக்காத சிறுமீனைப்போல அது நழுவிவிடுகிறது. கட்டத்தினும் சிறிய முகிலை எவ்வாறு கணக்கிற்குள் கொணர்வது என்பது இத்துறையின் பெருஞ்சிக்கல்.

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமழை. வடக்கிலிருந்து வருவதை வாடை எனவும் கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் எனவும் பெயரிட்டறிந்த மண் இது. வெப்பமுறும் வங்கக்கடலால் அம்மழை மிகுமா, குறையுமா, சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடுமா? ஏரியின் கரையை எவ்வளவு உயர்த்துவது, எப்பயிரை எப்போது விதைப்பது என்பன இவ்வினாவின் விடையைச் சார்ந்தவை.

ஆய்வுக்கான வாயில்கள்

முனைவர் பட்ட ஆய்வு என்பது இத்தகைய ஒரு வினாவோடு சில ஆண்டுகள் வாழ்தல். பொதுவாக, அறிவியலில் முதுகலைப் பட்டமோ பொறியியல் பட்டமோ பெற்றோர் இதில் நுழையலாம். இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் பயின்றோர்க்கும் இடமுண்டு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் புவி, வளிமண்டலம், பெருங்கடல் அறிவியலுக்கெனத் தனித்தாள் உள்ளது. கேட் தேர்வும் ஒரு வாயில். தேர்ச்சி பெற்று ஆய்வில் சேர்வோர்க்கு மாதந்தோறும் ஆய்வு உதவித்தொகை கிடைப்பதால், வறுமை தடையாவதில்லை.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகம், புனே இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் முதலியவற்றில் இவ்வாய்வுகள் நிகழ்கின்றன. புனே நிறுவனம் உருவாக்கிய புவி அமைப்பு மாதிரி, காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டுக் குழுவின் ஆறாம் மதிப்பீட்டிற்குக் கணிப்புகளை வழங்கியது. உலக மாதிரிகள் பலவற்றின் தரவுகள் விலையின்றிக் கிடைப்பதால், சிற்றூரில் இருந்தும் ஆய்வைத் தொடங்க இயலும்.

இவ்வாயில்கள் எல்லார்க்கும் எக்காலத்தும் திறந்திருந்தவை அல்ல. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி, சர் சி.வி. இராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் நிறமாலையை ஆய்ந்து ஆய்வேடு அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லை எனக் கூறி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. இலண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948இல் நாடு திரும்பினார். கதிரவக் கதிர்வீச்சையும் காற்றையும் அளக்கும் பணியில் முன்னோடியானார். அத்தகைய அளவீடுகள் இல்லையேல், எந்த மாதிரியையும் மெய்யோடு ஒப்பிட்டுப் பார்க்க இயலாது.

தெரிந்து தெளிவோம்

வானிலை, காலநிலை ஆய்வுக்கென இந்தியாவில் 2018இல் நிறுவப்பட்ட மீத்திறன் கணினிகள் பிரத்யூஷ், மிஹிர். 2024இல் அர்கா, அருணிகா ஆகியன இணைந்தன. நான்கும் கதிரவனோடு தொடர்புடைய பெயர்கள்.

மீத்திறன் கணினி, தரப்பட்ட கணக்கை விரைந்து செய்யும். எக்கணக்கைச் செய்வது என்று அது அறியாது. வாடையையும் கொண்டலையும் உணர்ந்து வளர்ந்த மாணவர், இம்மண்ணின் மழையைக் குறித்துக் கேட்கும் வினா, பிறர் எவரும் இதுவரை கேளாததாக இருக்கலாம். அவ்வினாவை இழக்காமல், இயற்பியலையும் கணிதத்தையும் ஊன்றிக் கற்று வருவோரை எதிர்நோக்கி நிற்கிறது இத்துறை.