நூல் பிடிச்சுப் பார்த்த சக்கரம்

மல்லாட்டை பிடுங்கி, காய வெச்சு, மூட்டை போட்டு மண்டிக்கு அனுப்புற வரைக்கும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க நேரமில்லை. நடுவுல அண்ணன் மகனோட ஆம்னி வண்டி வேலையும் சேர்ந்துக்கிச்சு. அதனால இந்தத் தடவை பயிர் பச்சை இல்லாம வண்டி பத்தி எழுதுறேன். பட்டணத்துல கார் வெச்சிருக்கிறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க.

எங்க கிளியனூருக்குக் கிழக்கே கழுவெளி. அதைத் தாண்டினா மரக்காணம் உப்பளம். தம்பி விடியறதுக்கு முன்னாடியே உப்பளத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போவான். திரும்பி வந்து வண்டியைக் கூட்டிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்துவான். எட்டுப் பிள்ளைங்க. அந்த வண்டிதான் அவன் வீட்டுக்கு அடுப்பெரிக்குது. ஆனா உப்பளத்து மண் பாதையில கிடக்கிற தண்ணி சாதாரணத் தண்ணி இல்லை. பாத்தியில கட்டுற உப்புத்தண்ணிதான் வரப்பு உடைஞ்சு வழியில நிக்கும். அது சக்கரத்துக்கு உள்பக்கம் போய் உட்கார்ந்து, இரும்பை ராத்திரி பகலா தின்னும். பக்கத்து ஊர் வண்டி ஏழெட்டு வருசம் தாங்குற சாமான் இங்க பாதி வருசம்கூட தாங்காது.

தை மாசம் முன்பக்கம் கடகடன்னு சத்தம் கேட்டுச்சு. ஒரு பட்டறையில விட்டான். ரெண்டு பக்கமும் லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர், பால் ஜாயிண்ட் எல்லாம் புதுசு. சத்தம் நின்னுபோச்சு. "அலைன்மென்ட் பார்க்கணுமாண்ணே?"ன்னு இவன் கேட்டதுக்கு, "வண்டி நேரா ஓடுதில்ல, அப்புறம் எதுக்குத் தம்பி தண்டச் செலவு"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்.

பங்குனியில ஒரு நாள் களத்துல மூட்டை ஏத்தும்போது, ஆட்டுக்குட்டி ஒண்ணு நிழலுக்காக வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கிச்சு. அதை இழுக்கக் குனிஞ்சேன். முன் டயரோட உள்விளிம்புல வெள்ளையா நூல் பிரிஞ்சு, கீழே கம்பி பளபளன்னு தெரியுது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தா அதுவும் அதே கதி. வெளிப்பக்கம் பார்த்தா ரெண்டு டயரும் நல்லாத்தான் இருக்கு, பட்டன் அழியலை. நின்னுக்கிட்டுப் பார்க்கிறவன் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அன்னைக்குச் சாயந்திரம் அதே டயரை நம்பித்தான் எட்டுப் பிள்ளைங்களும் பாண்டி ரோட்டுல வரணும். "இன்னைக்கு வண்டி எடுக்காதடா"ன்னேன். "சித்தப்பா, ஒரு நாள் ட்ரிப் போச்சுன்னா..."ன்னு இழுத்தான். சாவியை வாங்கி மடியில வெச்சுக்கிட்டேன். பிள்ளைங்க ஷேர் ஆட்டோவுல வந்தாங்க.

விஷயம் இதுதான். சக்கரம் எந்தக் கோணத்துல நிக்குதுங்கிறதை முடிவு பண்றது இந்த லோயர் ஆர்மும் ஷாக்கும் டை ராடும்தான். புது ஆர்ம் பழசைவிட ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தாலே சக்கரம் திரும்பிடும். ஷாக்கைச் சக்கரத்தோட சேர்க்கிற போல்ட்டு ஓட்டையில கொஞ்சம் இடைவெளி இருக்கும். முடுக்கும்போது எந்தப் பக்கம் சாய்ஞ்சு உட்காருதோ, அந்தப் பக்கம் சக்கரத்தோட தலையும் சாயும். வண்டி நேரா ஓடுறதை வெச்சு எதையும் சொல்ல முடியாது. ரெண்டு சக்கரமும் வெளிப்பக்கமா சமமா விரிஞ்சு நின்னா, ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு வண்டி நேராத்தான் போகும். டயர் மட்டும் தேயும்.

மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஒரே இருசு, ரெண்டு சக்கரம், கடையாணி. திரும்புற வேலை மாட்டோடது. நாலு சக்கரக் கோச்சு வண்டியில முன்சக்கரம் ரெண்டையும் தனித்தனியா, வெவ்வேற கோணத்துல திருப்புற வழியை ஜெர்மனியில லாங்கென்ஸ்பெர்கர்னு ஒரு வண்டி செய்யறவர் கண்டுபிடிச்சார். 1818-ல இங்கிலாந்துல அதுக்குக் காப்புரிமை வாங்கினவர் ஆக்கர்மன், பேரும் அவருக்கே போயிடுச்சு. சக்கரத்தைத் தனித்தனியா திருப்ப ஆரம்பிச்ச பிறகுதான், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேரா இருக்கான்னு பார்க்கிற வேலையும் வந்து சேர்ந்துச்சு.

அன்னைக்கே களத்துல நூல் பிடிச்சோம். வரப்பு கட்ட, தர்பூசணிக்குக் குழி எடுக்க நாங்க பிடிக்கிற அதே நூல். களம் சமதளம், அது முக்கியம். ஸ்டீயரிங்கை நேரா வெச்சுக் கட்டியாச்சு. வண்டிக்கு ரெண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, சக்கரத்து நடு உயரத்துக்கு நூலை இழுத்துக் கட்டினோம். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே அகலத்துல இருக்காது. அதனால சக்கர நடுவுலேர்ந்து நூலுக்கு இருக்கிற தூரம், முன்னாடி ரெண்டு பக்கமும் ஒண்ணா, பின்னாடி ரெண்டு பக்கமும் ஒண்ணா வர்ற வரைக்கும் செங்கல்லை நகர்த்தணும். அப்புறம் ரிம்மோட முன்விளிம்புலேர்ந்து நூலுக்கு எவ்வளவு, பின்விளிம்புலேர்ந்து எவ்வளவுன்னு ஸ்கேல் வெச்சுப் பார்க்கணும்.

இடது சக்கரம் சரியா இருந்துச்சு. வலது சக்கரத்துல முன்விளிம்பு 5 மில்லி வெளியே தள்ளி இருந்துச்சு. ஓடும்போது இந்தக் கோணலை ரெண்டு சக்கரமும் பங்கு போட்டுக்கும், அதனாலதான் ரெண்டு டயரும் தேய்ஞ்சது. 5 மில்லிதானேன்னு தம்பி அலட்சியமா பார்த்தான். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆம்னி ரிம் விளிம்புக்கு விளிம்பு சுமார் 33 சென்டிமீட்டர். 33 சென்டிமீட்டருக்கு 5 மில்லின்னா, 1 கிலோமீட்டருக்கு 15 மீட்டர். இவன் ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் ஓட்டுறான். அப்படின்னா ரெண்டு டயருமா சேர்ந்து தினம் 900 மீட்டர் தூரம் தார் ரோட்டுல குறுக்கால இழுபடுது. டயர் ரப்பர் வளைஞ்சு கொடுக்கும்தான், ஆனாலும் எவ்வளவு தாங்கும்?

மறுநாள் ஸ்டெப்னியும் இரவல் டயரும் மாட்டி திண்டிவனம் போனோம். அந்தக் கடைக்காரர் விவரம் தெரிஞ்ச மனுசன். மெஷின்ல ஏத்தறதுக்கு முன்னாடி காத்து சரி பார்த்தார், சக்கரத்தை ஆட்டி ஜாயிண்ட்ல ஆட்டம் இருக்கான்னு பார்த்தார். ஆட்டம் உள்ள வண்டிக்கு அலைன்மென்ட் பண்றது தண்டம்னார். அப்புறம் குனிஞ்சு, "ஆர்ம் புஷ்ஷை சக்கரம் தொங்கும்போதே முடுக்கிட்டாங்க"ன்னார். வண்டி தரையில நின்னு பாரம் இறங்கின பிறகுதான் அந்த போல்ட்டைக் கடைசியா முடுக்கணுமாம். இல்லைன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழிஞ்சுபோகும். தளர்த்தி மறுபடியும் முடுக்கினார்.

பெரிய பாடு டை ராடு நட்டுதான். உப்பு ஏறி ஒட்டிக்கிச்சு. எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் இளகுச்சு, இன்னொரு பக்கம் இளகலை, டை ராடு எண்டையே மாத்த வேண்டியதாப் போச்சு. கடற்கரைப் பக்கத்து வாசகர்கள் இதை மட்டும் கவனிச்சுக்குங்க: நட்டு திரும்பலைன்னா, திருப்பாமலே காசு வாங்கி அனுப்புற கடைகளும் உண்டு. செய்யறதுக்கு முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு மெஷின் அச்சடிச்சுக் கொடுக்கிற தாளைக் கேட்டு வாங்குங்க. ரெண்டும் ஒரே கணக்கா இருந்தா ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தம். அலைன்மென்ட் கூலி 400 ரூபா. புது டயர் ரெண்டுக்கு ஆன செலவை இங்க எழுதலை, அண்ணி இதைப் படிப்பாங்க.

கடையில எங்களுக்கு முன்னாடி ஒரு ஸ்விஃப்ட் நின்னுச்சு. ஸ்பிரிங்கை வெட்டி, வண்டியைத் தரையோட தரையா இறக்கியிருந்தான் ஒரு பையன். இறக்கினா ஆர்ம் மேல்பக்கமா சாயும், டை ராடு வேற வளைவுல போகும், சக்கரத்தோட தலை உள்ளே சாயும். சக்கரம் விரியறதை டை ராடுல சரி பண்ணிடலாம். தலைச் சாய்வுக்கு அந்த வண்டியில தனியா திருகு கிடையாது, வேற போல்ட்டு போட்டாத்தான் உண்டு. மெஷின் சிவப்பாவே காட்டிக்கிட்டு இருந்துச்சு. பையன் அதைப் படம் பிடிச்சுக்கிட்டான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி நம்ம இஷ்டத்துக்கு மாத்தவும் கூடாது. எங்க ஊர் வேகத்தடையில அந்த வண்டி எப்படி ஏறும்னுதான் எனக்கு யோசனை.

இப்போ தம்பி உப்பளத்துலேர்ந்து வந்ததும் வண்டிக்கு அடியில தண்ணி பீய்ச்சுறான். எங்க போர்லயும் தண்ணி கொஞ்சம் கரிக்க ஆரம்பிச்சிருக்கு, அதனால ஏரித் தண்ணியைக் குடத்துல கொண்டு வந்து மோட்டார் வெச்சு அடிக்கிறோம். வாரம் ஒரு தடவை டயர் மேல குறுக்கால கையை வெச்சுத் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கேன். ஒரு பக்கமா தடவினா வழுவழுன்னும், எதிர்ப்பக்கமா தடவினா ரம்பம் மாதிரியும் இருந்தா மறுபடியும் நூல் பிடிக்கணும். நேத்து தடவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு சித்தப்பா"ன்னான். ஏரியில தண்ணி சித்திரை வரைக்கும்தான் நிக்கும். அதுக்கப்புறம் எதை வெச்சுக் கழுவுறதுன்னு இன்னும் முடிவு பண்ணலை.