ஒரு போல்ட் கூட கழட்டல

பழைய கார் வழக்குகள் எங்கள் வக்கீல் சங்கத்தில் எல்லோருக்கும் பழகியவைதான். மீட்டரைக் குறைத்திருப்பார்கள், அடிபட்ட வண்டியைப் பெயின்ட் அடித்து விற்றிருப்பார்கள், பைனான்ஸ் பாக்கி இருக்கும். கீரமங்கலம் பக்கத்துத் தம்பி ஒருவர் கொண்டுவந்த வழக்கு அந்த ரகமில்லை. அவர் வண்டியில் அடி இல்லை, கிலோமீட்டரும் சரியாகவே இருந்தது. கம்பெனி சொன்னதைவிட வேகமாகப் போனது. அதுதான் புகார்.

அவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். அங்கே கார் வேண்டுமென்றால் வண்டி விலையோடு சிஓஇ என்ற பத்தாண்டு உரிமத்தையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990-இலிருந்து அதுதான் நடைமுறை. தொழிலாளி சம்பளத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் அப்பாவின் தென்னந்தோப்பைச் சாய்த்துவிட்டதால், சம்பாத்தியம் பல வருடம் வீட்டுக்கடனுக்கே போனது. அதை அடைத்துவிட்டு ஊர் திரும்பிய பிறகு தனக்கென்று அவர் ஆசையாக வாங்கியது இந்த ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ.

2013-இல் இந்தியாவுக்கு வந்த மாடல் அது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க், ஏழு கியர் கொண்ட இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். 2022-இல் போலோ உற்பத்தியே இங்கு நின்றுவிட்டதால், கைபடாத வண்டிக்கு ஆள் தேடி வருகிறார்கள். கைபடாத வண்டிதான் தம்பிக்கும் வேண்டியிருந்தது, ஏனென்றால் அதில் ஸ்டேஜ் 1 போட நினைத்திருந்தார். உதிரிபாகம் எதையும் மாற்றாமல், எஞ்சினை இயக்கும் இசியூவில் டர்போ அழுத்தம், இக்னிஷன் நேரம், பெட்ரோல் அளவு ஆகியவற்றின் கணக்கை மட்டும் திருத்தி எழுதுவது ஸ்டேஜ் 1. ஸ்டேஜ் 2-இல் டர்போவை ஒட்டிய டவுன்பைப்பையும் மாற்றுவார்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பலர் அப்போது எடுத்தே விடுகிறார்கள்.

வாங்கும் முன்பே வியாபாரியிடம் வாட்ஸப்பில் கேட்டிருக்கிறார், வண்டி ஸ்டாக்தானா, அதாவது கம்பெனியில் வந்தபடியேதானா என்று. குரல் பதிவாகவே பதில் வந்திருக்கிறது: “தம்பி, கம்பெனி கண்டிஷன். ஒரு போல்ட் கூட கழட்டல.”

கோவையில் ஒரு ட்யூனரிடம் வண்டியைக் கொண்டுபோன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் லேப்டாப்பைச் சொருகி இசியூவைப் படித்தார். ஏற்கெனவே வேறு யாரோ எழுதிய ஃபைல் உள்ளே இருந்தது. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் கன்வர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய். அதற்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாருக்கு அடியில் ஒரு சின்ன உலோக ஸ்பேசரை முறுக்கி, டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியாதபடி செய்திருந்தார்கள். தம்பி என்னிடம் காட்டிய போட்டோக்களில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த ஸ்பேசர்தான். குழாயை ஆசைக்கு மாற்றியிருக்கலாம். சென்சாரை ஏமாற்ற ஒரு துண்டை வைப்பது மறைக்க மட்டும்தான்.

ட்யூனர் நேர்மையான மனிதர். “யாரு போட்ட ஃபைல்னு தெரியாது, கிளட்ச் எவ்வளவு அடி வாங்கியிருக்குன்னும் தெரியாது. இதுக்கு மேல நான் கை வைக்க மாட்டேன்” என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். கிளட்ச் அதற்குள் இரண்டாம் கியரில் உதறத் தொடங்கியிருந்தது.

வியாபாரி இருந்தது திருச்சியில். ஆனால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 34-வது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட இடம் தருகிறது. 1986 சட்டத்தில் இந்த வசதி கிடையாது. கிராமத்து மனிதருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது, வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறியவர்களுக்குத்தான் தெரியும். தம்பியின் மாவட்டமான புதுக்கோட்டை நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்தோம். விற்றவர் வியாபாரி என்பதால் இந்த வழி கிடைத்தது. ஒரு தனிநபர் தன் சொந்த வண்டியை விற்றிருந்தால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

ஆர்சி இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. படிவம் 29, 30 இரண்டிலும் அவரிடம் வெற்றுக் கையெழுத்து வாங்கி வைத்து, அப்படியே தம்பி கையில் கொடுத்திருந்தார்கள். இந்த வியாபாரத்தில் இது சகஜம் என்கிறார்கள். எனக்கு இதைப் பார்த்தாலே கோபம் வரும். ‘நவீன் குமார் எதிர் விஜய் குமார்’ வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், விபத்து நஷ்டஈடும் அவர் தலையில்தான். நான் அந்தப் பழைய உரிமையாளரைத் தேடிப்பிடித்து இதைச் சொன்னேன். அவர் பதறிப்போனார். ஸ்டேஜ் 2 வேலையைச் செய்தது தான்தான் என்றும், விற்கும்போது வியாபாரியிடம் அதைச் சொல்லி, விலையையும் குறைத்துத்தான் கொடுத்ததாகவும் பிரமாண வாக்குமூலமே கொடுத்தார். வழக்கின் பாதி அன்றே முடிந்தது.

மீதிப் பாதிக்கு எதிர்த்தரப்பு வக்கீல் நன்றாகவே உழைத்திருந்தார். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின் விளக்கத்தை எடுத்தார். வண்டியின் கட்டமைப்பில் மாற்றம் செய்து, அதனால் அடிப்படை அம்சமே மாறினால்தான் அது ‘மாற்றம்’. மென்பொருள் எப்படிக் கட்டமைப்பாகும் என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே படித்தது: உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரத்துக்கும் ஆர்சி விவரத்துக்கும் முரண் வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. பதிவு விண்ணப்பத்தில் குதிரைத்திறனுக்கும் ஒரு கட்டம் உண்டு என்பதை நான் எடுத்துக்காட்டினேன். ஆனால் அந்த விவாதத்தில் நான் ரொம்ப நேரம் நிற்கவில்லை. எங்கள் வழக்கு 52-வது பிரிவு மீறப்பட்டதா என்பது பற்றியதல்ல. ஸ்டாக் என்று சொல்லி விற்றது ஸ்டாக்தானா என்பது பற்றியது.

அடுத்து, வாங்கியவரே ஸ்டேஜ் 1-க்கு என்ன செலவாகும் என்று அதே வாட்ஸப்பில் விசாரித்திருக்கிறார், பிறகென்ன நஷ்டம் என்றார். இந்த வாதம்தான் என்னை உண்மையில் உறுத்தியது. சொந்தமாக மாடி கட்ட ஆசைப்படுகிறவனிடம், ஏற்கெனவே யாரோ மாடி ஏற்றி விரிசல் விட்ட அஸ்திவாரத்தை விற்கலாமா? எஞ்சின் திறனைக் கூட்ட நினைக்கிறவருக்குத்தான் அது எங்கே நிற்கிறது என்று மற்றவர்களைவிட அதிகமாகத் தெரிய வேண்டும்.

கடைசி அஸ்திரம் ஒப்பந்தச் சட்டம் 19-வது பிரிவின் விதிவிலக்கு. சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. வாங்கும் முன் ஸ்கேன் செய்திருக்கலாமே என்றார். அந்த விதிவிலக்கு தவறான தகவலுக்கும் மௌனமாக மறைப்பதற்கும்தான் பொருந்தும். தெரிந்தே வாய்விட்டுச் சொன்ன பொய்க்கு அது கவசமாகாது. அதனால் வழக்கு அந்தக் குரல் பதிவில் வந்து நின்றது. 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டதால் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி-க்குப் பதில் 63-வது பிரிவின்படி சான்றிதழ் கொடுக்க வேண்டும்; ஒரு பகுதியில் போன் வைத்திருப்பவரும் மற்றொன்றில் நிபுணரும் கையெழுத்திட்டு, பதிவின் ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டத்தை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை என்றாலும் முறைப்படியே தாக்கல் செய்தோம்.

பதிவின் எழுத்து வடிவமும் வாக்குமூலமும் எதிர்த்தரப்பின் கைக்குப் போன பிறகு, வியாபாரி சமரசத்துக்கு வந்தார். காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தம்பியின் அப்பா சொன்னார், தம்பிக்கு மனமில்லை. ஆர்சி பெயர் மாற்றத்தை முதல் ஷரத்தாக நான் எழுதினேன். கன்வர்ட்டரோடு புது டவுன்பைப், இசியூவில் கம்பெனி ஃபைல், புது கிளட்ச், மூன்றும் வியாபாரி செலவில். அதோடு விலையில் ஒரு பகுதியும் வழக்குச் செலவும் திரும்ப. ஜாயின்ட் மெமோ பதிவாகி வழக்கு முடிந்தது.

அதன் பிறகு தம்பி, “இப்ப முறைப்படி ஸ்டேஜ் 1 போடலாமா சார்?” என்று கேட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவைக் காட்டினேன்: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மென்பொருளுக்கு அது பொருந்துமா என்ற வாதத்தை உங்கள் செலவில் நடத்திப் பார்க்க வேண்டாம், காப்பீட்டுக் கம்பெனியிடம் சொல்லாமல் மாற்றினால் சொந்தச் சேதக் க்ளெய்மும் சிக்கலாகும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். வந்த பணத்தில் நாலு நல்ல டயரும் பிரேக் பேடும் மாற்றிக்கொண்டார்.