குரலுக்கு ஓர் அறை

பேச்சு என்பது காற்றின் தொழில். உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் முயற்சியால் வெவ்வேறு எழுத்தொலிகளாகப் பிறக்கின்றது என்று வகுத்துரைத்தார் தொல்காப்பியர். அதற்கெனவே எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என ஓர் இயலையும் அமைத்தார். ஒலி பிறக்கும் இடத்தை இத்துணை நுட்பமாக ஆராய்ந்த மரபில் வந்த நாம், அவ்வொலி சென்று சேரும் இடமாகிய அறையைப் பற்றிப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை நம் இல்லத்திற்கு ஒருமுறை நேர்ந்தது. அதனால் நாம் கற்றவற்றையும், கற்றதினும் மேலாகப் பெற்ற ஒரு பயனையும் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நம் மருமகள் பின்னணிக் குரல் கொடுக்கும் பணியைச் செய்பவர். உழவர்க்குப் பயிர்நோய் விளக்கும் படங்கள், பள்ளிப் பாடங்கள், மருத்துவ அறிவுரைகள் ஆகியவற்றுக்குத் தமிழில் உரை வாசிப்பார். சென்னையில் தொடங்கிய இப்பணியைத் திருமணத்திற்குப் பின் ஐதராபாத்திலும் தொடர்ந்தார். இங்குள்ள ஒலிப்பதிவுக் கூடங்களை வாடகைக்கு எடுத்துப் படித்து அனுப்பி வந்த நிலையில், 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. கூடங்கள் மூடப்பட்டன; பணியோ நிற்கவில்லை. இல்லத்திலேயே ஓர் இடம் அமைத்தாக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

இடம் அமைப்பது எளிதன்று. சிகந்தராபாத்தை அடுத்த பத்மாராவ் நகர்ப் பகுதியில் வாழ்வோர்க்கு நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. விடியுமுன் தொழுகை அழைப்பு. அதனைத் தொடர்ந்து கோயில் மணி. சீதாபல்மண்டிப் பக்கமிருந்து இரயிலின் ஊதல். பின்னர்க் காய்கறி வண்டிக்காரரின் கூவல். திருமண நாள்களில், ஏமன் நாட்டு அரபு மக்கள் வழிவந்த மர்ஃபா முழவு மாப்பிள்ளை ஊர்வலத்தோடு தெருவெல்லாம் அதிர வரும். ஆடியை ஒட்டிப் போனாலு, ஆவணியில் விநாயகர் விழா. இவற்றோடு, தக்காணத்துக் கருங்கற் பாறையைத் துளைத்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் பொறி நாள் முழுவதும் ஓயாது. ஊரடங்கு தளர்ந்தவுடன் இவையனைத்தும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இவை இந்நகரின் உயிர்ப்பு, குறை கூறுவதற்கில்லை. ஆயினும் ஒலிவாங்கி நம் செவியைப் போன்றதன்று. செவி வேண்டியதைக் கேட்டு வேண்டாததை விலக்கும். ஒலிவாங்கிக்கு அவ்வேறுபாடு தெரியாது.

ஒலிக்கும் கட்டடத்துக்கும் உள்ள உறவை அறிய இவ்வூரார் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோல்கொண்டாக் கோட்டையின் ஃபதே தர்வாசா வாயிலின் கவிகைக்குக் கீழே நின்று ஒருவர் கை தட்டினால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அப்பாலுள்ள பாலா ஹிசார் உச்சியில் நிற்பவர்க்கு அது கேட்கும். ஒலி நொடிக்கு 340 மீட்டர் அளவில் செல்வதால், அக்கைத்தட்டு மேலே போய்ச் சேர மூன்று நொடி ஆகின்றது. குதுப்ஷாகி மன்னர் காலத்துக் கட்டடக் கலைஞர் கல்லையும் கவிகையையும் கொண்டு ஒலியைச் சேமித்து அனுப்பினர். பின்னணிக் குரலுக்கு வேண்டிய அறையோ அதற்கு நேர்மாறானது. அங்கே ஒலி ஒரு முறை கேட்டதும் அடங்கிவிட வேண்டும். கோல்கொண்டாவைப் பார்த்துவிட்டு வந்து நம் அறையின் நடுவே நின்று கை தட்டினால், வெற்றுச் சுவர்கள் அவ்வொலியை மாறி மாறி எறிந்து விளையாடுவதைக் கேட்கலாம். குரலின் தெளிவைக் கெடுப்பது இந்த விளையாட்டே.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு. வெளியொலி உள்ளே வாராமற் காப்பது ஒன்று. உள்ளொலி சுவரில் மோதித் திரும்பாமல் அடக்குவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிப் பலர் சுவர் முழுவதும் முட்டை அட்டைகளை ஒட்டுவர். அவ்வட்டை வெளியொலியைச் சிறிதும் தடுக்காது. உள்ளொலியையும் சிறிதளவே அடக்கும். வெளியொலியைத் தடுப்பது கனம். செங்கற் சுவர் தடுக்கும். மெல்லிய பலகைக் கதவு தடுக்காது. நீர் நுழையும் சந்தில் எல்லாம் ஒலியும் நுழையும். ஆதலின் கதவின் அடிச் சந்தையும் சாளரத்தின் ஓரங்களையும் ரப்பர்ப் பட்டையால் அடைப்பதே முதற் பணி. லாரியின் உறுமல் போன்ற தாழ்ந்த ஒலி நொடிக்கு 100 அதிர்வுகள் கொண்டதாயின், அதன் ஓரலையின் நீளமே 3 மீட்டருக்கு மேல். அத்தகைய அலையைத் துணியோ பஞ்சோ நிறுத்திவிடும் என எதிர்பார்த்தல் ஆகாது. அதனை இடத்தேர்வாலும் நேரத்தேர்வாலும்தான் வெல்ல வேண்டும். நாம் தெருப்பக்கத்து அறையை விடுத்து, நான்கு புறமும் வேறு அறைகள் சூழ்ந்த சாமான் அறையைத் தேர்ந்தோம்.

உள்ளொலியை அடக்கும் கலையை முதன்முதலாக அளந்து கணக்காக்கியவர் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் கிளெமண்ட் சபின். 1895இல் அங்குள்ள ஃபாக் கலைக்கூடத்து விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் பேசுவது மாணவர்க்கு விளங்கவில்லை. சொன்ன சொல் ஐந்தரை நொடி நேரம் மண்டபத்தில் சுழன்றுகொண்டிருந்தமையால், பின்வந்த சொற்களை அது விழுங்கிவிட்டது. சபின் பக்கத்துச் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு வேளையில் சுமந்து வந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கச் செய்து, அவ்வொலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். மெத்தை கூடக் கூட எதிர்முழக்கம் குறைந்தது. அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும் என்ற சூத்திரம் அதன்வழிப் பிறந்தது. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் இசையரங்கு அவர் அறிவுரையால் எழுந்ததே.

பேராசிரியர்க்கு அரங்கின் மெத்தை. நமக்கு வீட்டு மெத்தை. நம் சாமான் அறை ஏறத்தாழ 20 கன மீட்டர். வெற்றுச் சுவராக இருந்தபோது சொல் ஒன்று இரண்டு நொடி வரை தங்கியது. உறிஞ்சும் பரப்பு 7 சதுர மீட்டர் அளவுக்கு வந்தால் அஃது அரை நொடிக்குள் அடங்கும் என்பது சபினின் கணக்கு. பரணில் உறங்கிக் கிடந்த இலவம்பஞ்சு மெத்தைகளும், இவ்வூர்க் குளிருக்கு வாங்கிய ரஜாய்களும், நம் அன்னையார் சீராகக் கொண்டுவந்த பவானி ஜமக்காளங்களும் வெளிவந்தன. அவற்றைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை இடம்விட்டுக் கம்பியில் தொங்கவிட்டோம். இடையிலுள்ள காற்று உறிஞ்சும் திறனைக் கூட்டும். தரைக்கு ஒரு ஜமக்காளம். தலைக்குமேல் ஒரு ரஜாய். இரும்புப் பீரோவை வெளியேற்றினோம். குரலோடு சேர்ந்து அதுவும் முனகும் இயல்புடையது. அறைக்கு ஆன செலவு கயிறும் கம்பியும் ரப்பர்ப் பட்டையுமே.

கருவியைப் பற்றிச் சில சொற்கள் போதும். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் வகை ஒலிவாங்கியை வாங்கி, அதன் முதுகு கதவை நோக்க வைத்தல் வேண்டும். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் ஒரு சாண் இடைவெளி நன்று. தொலைவைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் உயரும். அறையின் ஒலி உயராது. பகரம் சொல்லும்போது இதழிலிருந்து வெடிக்கும் காற்று ஒலிவாங்கியில் அறையும். அதனைத் தணிக்கப் பூத்தையல் வளையத்தில் மெல்லிய மல்துணியை இழுத்துக் கட்டி இடையில் நிறுத்தினோம். மின்விசிறி ஓடக்கூடாது என்பதே இவற்றுள் கடுமையான விதி. மே மாதத்தில் 40 பாகையைக் கடக்கும் இந்நகரில், ரஜாய் சூழ்ந்த அறையில் விசிறியின்றி அமர்ந்து, குளிர்நீர் பற்றி அறிவுரை வாசிப்பவரின் நிலையை அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம். இருபது நிமிடம் படித்தல், பத்து நிமிடம் வெளிவருதல் என்பது வழக்கமாயிற்று. நேரம் பின்னிரவு மூன்று மணி முதல் தொழுகை அழைப்பு வரை. சித்திரை மாதத்தில் அதற்கும் முன்னரே குயில் கூவத் தொடங்கிவிடும். கவிஞர்கள் கொண்டாடிய அப்பறவையை நம் இல்லத்தில் அம்மாதம் எவரும் கொண்டாடியதில்லை.

ரப்பரும் ரஜாயும் செய்தது பாதிப் பணியே. மறுபாதியை வீட்டார் செய்தனர். பகலில் அவசரப் பதிவு வந்தால் கதவில் ஒரு சிவப்புத் துணி தொங்கும். அதைக் கண்டதும் குக்கர் அடுப்பிலிருந்து இறங்கும். தொலைக்காட்சி வாய் மூடும். ஏழு வயதுப் பேரன் கால் விரலில் நடப்பான். முதலில் இஃது ஒரு சுமையாக இருந்தது. நாளடைவில், பேசாதிருக்கும் அந்நேரத்தில் நாம் வேறு வழியின்றிக் கேட்கத் தொடங்கினோம். கதவுக்கு அப்பாலிருந்து மெல்லக் கசியும் தமிழை, ஒவ்வோர் எழுத்தும் தன் இடத்தில் பிறந்து வரும் தமிழை, வீடு முழுவதும் அமர்ந்து கேட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் பேசிய வீடுதான். ஆயினும் தமிழைக் கேட்ட வீடு என்று அதனை அதற்குமுன் சொல்லியிருக்க முடியாது.

பேரன்தான் முதலில் மாறினான். சிகந்தராபாத்தில் பிறந்து, பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் தெலுங்கும் உருதும் பேசி வளர்பவன் அவன். பழந்தெலுங்கில் இருந்த ழகரமும் றகரமும் பிற்கால வழக்கில் மறைந்துபோயின. அம்மொழிச் சூழலில் வளரும் நம் குழந்தைகள் நாவிலும் அவை மறைவது இயல்பே. ‘மளை பெய்யுது’ என்பான், திருத்தினால் சிரிப்பான். ஒருநாள் தாயின் ஹெட்போனை அணிந்து தன் குரலைத் தானே கேட்டான். ‘இது மழை இல்லையே, மலையும் இல்லையே’ என்றான். அன்று முதல் யாரும் ஏவாமலே நாவை மடித்து மடித்துச் சொல்லிப் பார்த்தான். பெரியோர் ஆண்டுக்கணக்கில் திருத்தியும் நேராததை, தன் குரலைத் தெளிவாகக் கேட்ட ஒரு நிமிடம் நேர்வித்தது.

இனி, நாம் பெற்ற பெரும்பயனைச் சொல்ல வேண்டும். நம் அன்னையார் 1955இல் திருவையாற்றுப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மணமகளாகச் சிகந்தராபாத் நிலையத்தில் வந்து இறங்கியவர். 2021இல் அவர்க்கு அகவை 84. மருமகள்தான் ஒருநாள், ‘பாட்டி, நீங்களும் வந்து உட்கார்ந்து எதையாவது சொல்லுங்களேன்’ என்று அழைத்தார். ‘நான் என்னடி சொல்ல? படிக்கத் தெரிந்தவள் நீ’ என்று மறுத்தவர், உள்ளே போய் அமர்ந்தபின் நிறுத்தவில்லை. பதினொரு நாள் அமர்ந்தார். தம் பிறந்த வீட்டின் கூடத்தையும் குதிரையும் உறியையும் பிரிமணையையும், காவிரியில் புதுநீர் வந்த நாளையும், வழிவழியாகக் கேட்ட தாலாட்டையும், முதன்முதலில் கற்ற தெலுங்குச் சொல்லால் பால்காரரிடம் பேசிச் சிரிப்புக்கு ஆளானதையும் சொன்னார். குதிர் என்னும் நெற்களஞ்சியத்தின் பெயர் பேரனுக்குப் புதிது. உண்மையில் அச்சொல் நம் நாவிலும் வழக்கொழிந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன.

ஒலிப்பதிவில் ஒரு முறை உண்டு. பேசத் தொடங்குமுன் அரை நிமிடம் ஒன்றும் பேசாமல் அறையின் அமைதியையும் பதிவுசெய்ய வேண்டும். பின்னர் வெட்டி ஒட்டும் இடங்களை நிரப்புதற்கு அவ்வமைதி பயன்படும். அன்னையாரின் ஒவ்வொரு பதிவிலும் அந்த அரை நிமிடம் இருக்கிறது. வளையல் மெல்ல உரசுவதும், அவர் மூச்சு வந்து போவதும் அதில் கேட்கும். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். மருமகள் தம் தொழில் முறைப்படி எல்லாப் பதிவுகளிலும் தொடக்கத்தை வெட்டிவிடுவார். இப்பதினொன்றில் மட்டும் வெட்டவில்லை. நம் பேரன் கதைகளைக் கேட்கின்றான். நாம் அந்த அரை நிமிடத்தையும் சேர்த்துக் கேட்கின்றோம்.

தமிழ் வழங்காத நகரிலிருந்து எழும் தமிழ்க் குரல் சிறவாது என எவரும் கருத வேண்டா. டெல்லி வானொலியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்து, 2022இல் மறைந்த சரோஜ் நாராயணசுவாமியின் குரலை நம் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். வடபுலத்து அறை ஒன்றில் அமர்ந்து அவர் சொன்ன சொல், தமிழ் கூறும் ஊர்தோறும் பிறழாமல் ஒலித்தது. நகரம் எந்த மொழி பேசினாலும், ஒலிவாங்கியின் முன் உள்ள ஒரு சாண் இடம் தமிழுக்கு உரியதாக இருக்க முடியும் என்பதற்கு அவரே சான்று.

ஆதலின் அன்பர்களிடம் நாம் வேண்டுவது சிறிதே. எல்லோர் இல்லத்திலும் பின்னணிக் குரல் கொடுப்போர் இரார், முதியோர் இருப்பர். ஓர் உள்ளறை, நான்கு ஜமக்காளம், கைபேசியேனும் ஒன்று, பின்னிரவின் ஒரு மணி நேரம் ஆகியவை போதும். அவர்களைப் பேசச் செய்யுங்கள். பேசியதன் படியொன்றைச் சங்க நூலகத்துக்கும் தாருங்கள். ஊரையும் ஆற்றையும் விட்டுவந்த நமக்கு, கையோடு கொண்டுவர முடிந்தது குரல் ஒன்றே. அதற்கு ஓர் அறை கொடுத்தல் நம் கடன்.